நின்ற இடத்தில் சார்ஜ் ஏற்றாதே, பாப்பா

பாப்பா,

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு உன் வண்டியின் வீட்டு பேட்டரி பதிமூன்று புள்ளி ஒன்று வோல்ட். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நேற்று சாயங்காலம் போனில் "ஏதோ ஒரு ஏரிக்கரைப்பா, பேரு வாயில நுழையல" என்றாய். உன் அம்மாவுக்கு அது போதும், நிம்மதியாகச் சமையலறைக்குப் போய்விட்டாள். எனக்குப் போதவில்லை. பேட்டரியின் வோல்ட்டேஜைக் காட்டுகிற ஒரு செயலியை மாப்பிள்ளை என் போனில் போட்டுக் கொடுத்தாரே, பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் திறந்து பார்க்கிறேன். எண் அசையாமல் இருந்தால் நீங்கள் இன்னும் தூங்குகிறீர்கள் என்று அர்த்தம். பதினான்கைத் தாண்டினால் என்ஜின் ஓடுகிறது, என் பெண் ஏதோ ஒரு சாலையில் போய்க்கொண்டிருக்கிறாள். இப்போது எண் அசையவில்லை. நீ எழுந்திருப்பதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். புத்திமதிக் கடிதம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் இதில் புத்திமதியை விட என் திருட்டுத்தனம்தான் அதிகம். மாப்பிள்ளை படிக்கட்டும், சம்பந்தி படிக்கட்டும், காலனி வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மூடி வைத்தால் வேகாத விஷயம் இது.

நீங்கள் அந்தப் பழைய ஸ்கூல் வேனை ஓட்டிக்கொண்டு வந்து நம் சைனிக்புரி வீட்டு மதிலை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய அன்று நான் சிரித்தேன், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை அடித்தும் கதவிடுக்கில் மஞ்சள் தெரிந்தது. சீட்டுகளைக் கழற்றிய இடத்தில் யாரோ ஒரு குழந்தையின் ஒற்றைத் தோடு கிடந்தது. "இதுல குடும்பம் நடத்தப் போறீங்களாக்கும்" என்றேன். கல்யாணமான ஆறே மாதத்தில் நீங்கள் அதற்குள் கட்டில் போட்டுவிட்டீர்கள், அடுப்பு வைத்துவிட்டீர்கள், சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், இரண்டு பேரும் லேப்டாப்பில் வேலை பார்க்க ஒரு மடக்கு மேஜை. ஒரு வருஷம் ஊர் ஊராகப் போய்க்கொண்டே வேலை செய்யப்போகிறோம் என்றீர்கள். அப்புறம் நான் சிரிக்கவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மத்தியானங்களில் நீங்கள் வெளியே போனதும் நான் அந்தக் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வேன். இலை நிழல் ஜன்னல் வழியாக வந்து என் மேல் மெதுவாக ஊர்ந்து போகும். கண் பாதி மூடியிருக்கும்போது வண்டி ஓடுவது போலவே இருக்கும். நீ ஐந்து வயதுப் பெண்ணாக முன்சீட்டில் இருப்பாய், உன் அம்மா டிபன் கேரியரைத் திறப்பாள், வெளியே வயலோ கடலோ ஏதோ ஒன்று வந்துகொண்டே இருக்கும், எங்கே போகிறோம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தெருவில் கீரைக்காரம்மா "தோட்டகூர, பாலகூர" என்று கூவினால்தான் விழிப்பு வரும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்பாடா என்றிருக்கும்.

வயரிங்கை நான்தான் செய்வேன் என்று அடம் பிடித்தேன். பாலாநகரில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற பட்டறையில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன், சொந்தப் பெண்ணின் வண்டிக்கு வெளியாள் வந்து ஒயர் இழுப்பதா? வண்டியில் இரண்டு பேட்டரி. ஒன்று என்ஜினைக் கிளப்ப, அது வண்டியோடு வந்தது. இன்னொன்று ஃபிரிட்ஜும் ஃபேனும் லேப்டாப்பும் ஓட, அதற்கு நீ 'வீட்டு பேட்டரி' என்று பேர் வைத்தாய். என்ஜின் ஓடும்போது அதன் பெல்ட்டில் சுற்றுகிற ஆல்டர்நேட்டர் இரண்டையும் நிரப்ப வேண்டும். நான் கடைசிவரை டைனமோ என்றேன், நீ கடைசிவரை திருத்தினாய். வண்டி நின்றதும் இரண்டு பேட்டரிகளையும் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் ஃபிரிட்ஜ் இரண்டையும் காலி பண்ணிவிடும், வண்டி கிளம்பாது. இவ்வளவுதான் விஷயம். மாப்பிள்ளை அவருடைய அரைகுறைத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "மாமா, இது லித்தியம். நிறையற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கும், போதும்னு சொல்லாது. நடுவுல ஒரு சார்ஜர் பாக்ஸ் வெச்சா அளவா வாங்கும். இல்லேன்னா ஆல்டர்நேட்டர் வேடி ஆயிடும், சூடாயி எரிஞ்சிடும்." எனக்கு மூக்கின் மேல் கோபம். "நக்கோ, அதெல்லாம் வேண்டாம். ஒரு ரிலே, ஒரு தடி கேபிள், ரெண்டு பக்கமும் ஃப்யூஸ். நான் பாக்காத டைனமோவா?" என்றேன். பழைய ஆசிட் பேட்டரி நிறைய நிறைய தானே குறைத்து வாங்கும், அதை வைத்துக்கொண்டு லித்தியத்தையும் எடை போட்டேன். மாப்பிள்ளை உன் முகத்தைப் பார்த்தார். நீ "விடுங்க, அப்பா செய்யட்டும்" என்றாய். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். உனக்கு இருபத்திரண்டு வயதில் புனேயில் வேலை கிடைத்தது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டி கூட அடுக்கிவிட்டாய். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்கு பி.பி. ஏறிவிட்டது, டாக்டர் பயமுறுத்துகிறார், கூட யாராவது இருக்க வேண்டும் என்கிறார் என்றேன். டாக்டர் சொன்னது "உப்பைக் குறைங்கம்மா" என்பது மட்டும்தான். நீ டிக்கெட்டை ரத்து செய்தாய். அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் தமிழில் எது கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொன்னாய். "சரே நான்னா." "தெலீது நான்னா." சரி, தெரியாது, அவ்வளவுதான்; இந்தத் தெலுங்கு ஊரில் வளர்ந்தவள், கோபம் வந்தால் உனக்கு நாக்கு தெலுங்குக்குப் போய்விடும். பொய் என்று உன் அம்மாவுக்கு ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது. "என் பி.பி.யைச் சங்கிலியாக்கிப் புள்ளையைக் கட்டிப் போட்டீங்களே, வெக்கமா இல்ல?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நீ வீட்டில் இருந்தாய், சாயங்காலம் ஆறரைக்கு உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது, அந்த சந்தோஷத்தில் வெட்கத்தை விழுங்கிவிட்டேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் வாசலைத் தாண்ட வேண்டும் என்பது என் சட்டம். சம்பந்தி வீட்டார் ராமச்சந்திராபுரத்திலிருந்து வரவேண்டும், பாலாநகர் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டோம் என்று போன் வந்தது. அவர்களைப் பார்க்காமல் நீங்கள் கிளம்ப முடியாது. நான்தான் வழி சொன்னேன்: எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வண்டியை கேட்டுக்கு வெளியே பத்தடி நகர்த்தி நிறுத்திவிட்டால் நல்ல நேரத்தில் பயணம் ஆரம்பித்த கணக்கு, பெரியவர்கள் வந்த பிறகு மெதுவாகப் போகலாம். ஏழு பத்துக்கு அப்படியே நடந்தது. மாப்பிள்ளை சாவியைத் திருப்பி அணைக்கப் போனார். "அணைக்காதீங்க! கிளம்பின வண்டியை அணைச்சா பயணம் முறிஞ்ச மாதிரி" என்று கத்தினேன். எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதே, அந்த நிமிஷம் நான் எழுதிய சாஸ்திரம் அது. உன் அம்மா நல்ல வழி ஒன்று சொன்னாள். "ஏங்க, ஒரு பையை எதிர்வீட்டு சுபேதார் வீட்ல வெச்சுட்டாலே பரஸ்தானம் ஆயிடும். நல்ல நேரத்துல கிளம்பின மாதிரிதான். வண்டி எதுக்கு சும்மா ஓடணும்?" நம் வீட்டில் எத்தனையோ பயணத்துக்கு அப்படிப் பையை முன்னால் அனுப்பியிருக்கிறோம். நான் கேட்கவில்லை. எதிர்வீட்டு சுபேதாரே மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "கைக்கு சாப், எதுக்கு டீசலை இப்படி எரிக்கிறீங்க?" என்றார். "பேட்டரியும் சார்ஜ் ஆகுமே, அதுக்குத்தான்" என்றேன். "ஹவ்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பேட்டரி காலியாகத்தான் இருந்தது. இரண்டு நாளாக உன் அம்மா அந்தச் சின்ன ஃபிரிட்ஜில் தயிரும் மாவும் புளிக்காய்ச்சலுமாக அடைத்து ஓட விட்டிருந்தாள். ஆக, பசியோடு இருக்கிற லித்தியம், நடுவில் அளந்து கொடுக்க எந்தப் பெட்டியும் இல்லை, நின்ற இடத்தில் மெதுவாகச் சுற்றுகிற ஆல்டர்நேட்டர். ஓடும் வண்டியில் அது வேகமாகச் சுற்றும், அதனோடு ஒட்டிய விசிறியும் காற்றை இழுக்கும். நிற்கும் வண்டியில் வேலை மட்டும் உண்டு, காற்று இல்லை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் அப்படியே ஓடியது. எட்டு மணிக்கு சம்பந்தி வீட்டார் வந்தார்கள், எல்லோரும் டிபனுக்கு உள்ளே போனீர்கள். சமையலறையில் டிகாக்ஷன் இறங்குகிற வாசனை கேட் வரைக்கும் வந்தது. "ஆஹா, வாசனை தூக்குதே, எனக்கு ஒரு டம்ளர்" என்று தெருவிலிருந்தே குரல் கொடுத்தேன். நீதான் கொண்டுவந்து கொடுத்தாய். "உள்ள வந்து சாப்பிடுங்கப்பா" என்றாய். "வண்டியை யார் பாக்கறது, நீ போ" என்றேன்.

நீ உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. முதலில் லேசாக, இனிப்பாக. அப்புறம் அடியில் ஒரு கசப்பு. காயில் கம்பியின் மேல் இருக்கும் வார்னிஷ் சூடேறுகிற வாசனை. பட்டறையில் நான் முதுகைக் காட்டிக்கொண்டு இருபதடி தள்ளி நின்றாலும் அது வந்தவுடன் "ஆஃப் பண்ணுடா!" என்று கத்துவேன், மெஷினை அணைத்த பிறகுதான் எந்த மெஷின் என்றே பார்ப்பேன். அன்றைக்குக் கத்தவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, சாவி என் கைக்கு எட்டுகிற தூரம். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூங்குமூஞ்சி மரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூ ஒவ்வொன்றாக பானெட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. என்ஜின் சத்தத்தைத் தவிர தெருவில் ஒரு சத்தமும் இல்லை. மத்தியானத் தூக்கத்தில் வருமே, எல்லாம் தெரியும், கை மட்டும் அசையாது, அப்படி இருந்தது. ஆனால் அது தூக்கமில்லை, பாப்பா. எனக்கு நன்றாக விழிப்பு இருந்தது. 'இது எரிஞ்சா அவ இன்னிக்குப் போக மாட்டா' என்று நினைத்தேன். இதை இதைவிட அழகாக எழுத எனக்கு வரவில்லை. ஒரு நொடி தடுமாற்றம் என்றும் சொல்லிக்கொள்ள முடியாது. நீ கொடுத்த காபி கையில் சூடாக இருந்தது, பிறகு ஆறிவிட்டது. அவ்வளவு நேரம் நின்றேன். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு வந்தது, உள்ளே ஏதோ கீச்சிட்டது, பானெட் இடுக்கில் புகை வந்தது. மாப்பிள்ளைதான் சட்னிக் கையோடு ஓடி வந்து அணைத்தார். வண்டிக்குள் கேஸ் அடுப்பு இருந்தது, உன் துணிமணி எல்லாம் இருந்தது. தீப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அப்புறம்தான் நினைத்தேன்.

நீ பானெட்டைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். "அப்பா, உங்களுக்கு வாசனை தெரியலையா?" என்று கேட்டாய். "ரெண்டு நாளா சளிம்மா. மூக்கு அடைச்சிருக்கு" என்றேன். நாக்கு கூசவில்லை. நீ என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். அப்புறம் ஒன்பது நாள் எனக்கு நடந்த ராஜவைத்தியத்தை என்னவென்று சொல்ல! காலையில் மிளகுக் கஷாயம், சாயங்காலம் ஆவி, படுக்கும்முன் நெஞ்சில் தைலம். தும்மல் வராமல் தும்முவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எரிந்த ஆல்டர்நேட்டரைக் கழற்றி, நானே காயில் கட்டித் தருகிறேன் என்று கார் ஷெட்டில் உட்கார்ந்தேன். இரண்டு நாள் வேலை அது. நல்ல கம்பி கிடைக்கவில்லை என்றேன், வார்னிஷ் காயவில்லை என்றேன், பேரிங் சரியில்லை என்றேன், இழுத்தேன். நீ சின்ன வயதில் பட்டறையில் உட்காருவாயே, அது மாதிரி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து கம்பியைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாய். வெயில் ஷெட்டுக்குள் பாதி தூரம் வந்து நிற்கும். ஏதேதோ பேசினோம். மாப்பிள்ளை சொன்ன சார்ஜர் பெட்டியும் வந்தது, நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் பொருத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஒன்பது நாள் வேறு வந்ததில்லை. பொய்யின் மேல் உட்கார்ந்துகொண்டு அனுபவித்தேன், இருந்தும் அது நன்றாகத்தான் இருந்தது.

பத்தாவது நாள் நீங்கள் கிளம்பினீர்கள். எலுமிச்சம்பழம் இல்லை, ராகுகாலம் பார்க்கவில்லை, நான் வாயே திறக்கவில்லை. நீ குனிந்து என் காலைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து அந்தத் தைல டப்பாவை என் கையில் வைத்தாய். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா. நான் எங்கயாவது கிளம்பினாதானே வீட்ல யாருக்காவது உடம்புக்கு வருது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அப்புறம் என் காதருகே வந்து, அம்மாவுக்குக் கேட்காதபடி சொன்னாய்: "காபி வாசனை கேட் வரைக்கும் வந்துச்சு. காயில் வாசனை வரலையாப்பா?" அப்போதாவது நான் ஆமாம் என்றிருக்க வேண்டும். மன்னித்துக்கொள் என்றிருக்க வேண்டும். பெண்ணை அனுப்பும்போது எந்தத் தகப்பனும் சொல்கிற அந்த இரண்டு வார்த்தையையாவது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? "பெல்ட் டென்ஷனைப் பாத்துக்கோ" என்றேன். நீ "சரிப்பா" என்றாய். தமிழில்தான் சொன்னாய். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருக்கிறேன்.

வண்டி முனை திரும்பிய பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. முதல் நாளே உனக்குத் தெரிந்திருக்கிறது. காயில் கட்ட எத்தனை நாள் ஆகும் என்பதும் ஸ்டூலில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே இல்லாத சளிக்குக் கஷாயம் போட்டாய், ஒன்பது நாள் கம்பி பிரித்துக் கொடுத்தாய். கஷாயத்தில் அவ்வளவு மிளகு போட்டது மட்டும் தண்டனை என்று நினைக்கிறேன், அது எனக்கு வேண்டியதுதான். உன்னிடம் நான் கேட்டிருக்கலாம், பாப்பா, இன்னும் ஒரு வாரம் இரு, எனக்கு மனசு ஆகவில்லை என்று. நீ இருந்திருப்பாய். கேட்கத் தெரியாமல் ஒரு தடவை உன் அம்மாவின் உடம்பைச் சாக்காக்கினேன், ஒரு தடவை உன் வண்டியை எரித்தேன்.

சரி, புத்திமதி. பேட்டரி குறைந்துவிட்டது என்று வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு என்ஜினை ஓட்டாதே. ஓட்டிக்கொண்டு போ, போகிற போக்கில் நிரம்பும். மலை ஏறும்போது, வெயில் மண்டையைப் பிளக்கும்போது, சார்ஜர் பெட்டியில் பாதி அளவுக்குக் குறைத்து வை, அவசரம் ஒன்றுமில்லை. ஃபிரிட்ஜ் எவ்வளவு கெஞ்சினாலும் என்ஜின் பேட்டரியைத் தொடவிடாதே. வீட்டில் ஆயிரம் இருக்கட்டும், கிளம்புவதற்கென்று வைத்திருப்பது தனியாக இருக்க வேண்டும், நீ மாப்பிள்ளையோடு சண்டை போட்ட நாளிலும் இருக்க வேண்டும். இனிப்பாக ஒரு வாசனை வந்தால் யார் என்ன சொன்னாலும் கேட்காதே, முதலில் அணை. கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று நான் எப்போதாவது போன் செய்தால், வண்டியைத் திருப்பாதே. முதலில் அம்மாவுக்கு போன் போட்டு நிஜமா என்று கேள். இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். இந்த இடத்தில் "நல்லா பெருசா எழுதுங்க" என்றாள்.

மணி ஏழு ஆகப்போகிறது. எழுதுவதை நிறுத்திவிட்டுப் போனைத் திறந்து பார்த்தேன். பதிமூன்று புள்ளி ஒன்று பதிமூன்று புள்ளி எட்டு ஆனது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினான்கு புள்ளி இரண்டு. நீ எழுந்துவிட்டாய், ஏரிக்கரையை விட்டுக் கிளம்பிவிட்டாய். இங்கே தூங்குமூஞ்சி மரத்தடி காலியாக இருக்கிறது, பூ தரையில் விழுகிறது. தைல டப்பா என் சட்டைப் பையில் இருக்கிறது. அன்றைக்குப் பெல்ட்டைப் பற்றிப் பேசி நிரப்பிய இடத்தில் சொல்ல வேண்டியிருந்ததை இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எனக்குச் சளி இல்லை, பாப்பா. வாசனை வந்தது.

போயிட்டு வா.

அப்பா